அழுகை நின்றுவிட்டது, அசதி நிற்கவில்லை

பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவைக் கவனித்துவரும் 39 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் அவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலையில் மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம் 10 மில்லிகிராம், இரவில் தூக்கத்துக்குக் குளோனசிபாம் 0.5 மில்லிகிராம். நான்காவது வாரத்தில் அழுகை குறைந்தது, சாப்பாடு பிடிக்க ஆரம்பித்தது, மகளிடம் எரிந்து விழுவதும் நின்றது. உடம்பில் தெம்பு மட்டும் வரவே இல்லை. "காலையில் பல் விளக்கி முடிப்பதற்குள் ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. பகல் முழுக்கக் கொட்டாவி. ஒரே பில்லை நாலு தடவை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை" என்கிறார். போன மாதம், வெளிமாநிலத்தில் வாங்கிய நூலுக்கான ஜிஎஸ்டி வரியை, அதற்குரிய ஐஜிஎஸ்டி கட்டத்தில் போடாமல், உள்மாநிலக் கொள்முதலைப் போல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டுவிட்டார். ரிட்டர்ன் போவதற்கு முன் ஆடிட்டர் பார்த்துத் திருத்தியதால் தப்பித்தார். முதலாளி கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர்தான் அன்றிரவு முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறார்.

"மாத்திரை போட்டுப் போட்டுத்தான் இப்படி மந்தமாயிட்டே, நிறுத்திடு" என்கிறார் கணவர். அம்மாவுக்கு 74 வயதில் மறதி நோய் வந்ததால், தனக்கும் அதுதான் ஆரம்பிக்கிறதோ என்ற பயம் இவருக்கு. மாத்திரையை நிறுத்தலாமா, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்திருந்தும் அசதி ஏன் போகவில்லை, வேலையை விட்டுவிட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைப் பேசிவிடுகிறேன். மூன்றாம் பக்கத்தின் கடைசியில், "இப்படியே இருப்பதற்கு எதற்கு இருக்கணும் என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஜிஎஸ்டி விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அடுத்த மாதத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இரவில் அந்த எண்ணம் அழுத்தினால், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. எண்ணம் திட்டமாக மாறுகிறது என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். கணவரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ எழுப்பி, அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி அசதிக்கு வருவோம்.

கடைசியில் போகிற அறிகுறிகள்

மனச்சோர்வு என்றால் சோகம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதனால் அழுகை நின்றதும் நோய் போய்விட்டது, மிச்சமிருப்பது சோம்பேறித்தனம் அல்லது மருந்தின் கோளாறு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் அசதி, கவனக்குறைவு, முடிவெடுக்கத் திணறுவது ஆகிய மூன்றும் அந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் நாங்கள் பயன்படுத்தும் அறிகுறிப் பட்டியலிலேயே இருப்பவை. சிகிச்சை தொடங்கியதும் எல்லா அறிகுறியும் ஒரே நாளில் கிளம்பிப் போவதில்லை. பலருக்கு அழுகையும் எரிச்சலும் முதலில் அடங்கும். தெம்பும் கவனமும் திரும்புவதற்குத்தான் அதிக நாள் ஆகும். நீங்கள் பாதி குணமாகியிருக்கிறீர்கள். மீதிப் பாதியையும் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. மருத்துவமனையில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவால்ல டாக்டர், அழுகை இல்ல" என்று சொல்லிவிட்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, எந்த மருத்துவரும் அதைக் கேட்டதும் பழைய சீட்டையே தொடரச் சொல்லி எழுதித் தந்துவிடுவார். ஐந்து மாதமாக அதே 10 மில்லிகிராம் தொடர்வதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். போதுமான அளவில் மருந்து தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் முழுக் குணம் தெரியவில்லை என்றால், அளவைக் கூட்டலாம், மருந்தை மாற்றலாம், இன்னொன்றைச் சேர்க்கலாம், பேச்சு சிகிச்சையைத் தொடங்கலாம். வழிகள் பல இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் அவற்றில் எதையும் இன்னும் தொடவில்லை.

மறதி நோய் பற்றிய பயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். 39 வயதில் அது மிக மிக அரிது. 74 வயதில் அம்மாவுக்கு வந்ததை வைத்து, 35 ஆண்டு முன்னதாகவே உங்களுக்கு வரும் என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதமும் ஒரு சாட்சிதான். எந்த மாதம், எந்த பில், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். அல்சைமர் என்னும் மறதி நோய் வந்தவர்களில் பலர் தாம் மறப்பதையே உணர்வதில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் கவலையோடு அழைத்துவருவார்கள். மனச்சோர்வில் நடப்பது வேறு. கவனம் சிதறியிருக்கும்போது படித்தது உள்ளே பதிவதே இல்லை. பதியாத ஒன்றைப் பிறகு தேடினால் கிடைக்காது. கவனம் திரும்பும்போது நினைவும் பெரும்பாலும் சேர்ந்தே திரும்பும்.

பயப்பட வேண்டியது எந்த மாத்திரைக்கு?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கைகாட்டுவது தவறான மாத்திரையை. காலையில் போடும் எஸ்சிடலோப்ராம் மூளையைக் கெடுக்காது, போதைப் பழக்கமும் ஆகாது. சிலருக்கு அது பகல் தூக்கத்தையும், விசித்திரமாகத் தொடர் கொட்டாவியையும் தருவதுண்டு. நீங்கள் எழுதிய கொட்டாவிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இதற்கு மருந்தை இரவு நேரத்துக்கு மாற்றிப் பார்ப்பதே சில பேருக்குப் போதும். உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றலாம்.

எனக்குக் கவலை தருவது இரவு மாத்திரைதான். "முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று சொன்னார், தூக்கம் நன்றாக வந்ததால் மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். குளோனசிபாம் உடலில் நெடுநேரம் தங்கும் மருந்து. போட்டதில் பாதி நீங்குவதற்கே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். அதாவது நேற்றைய மாத்திரை முழுதாகப் போவதற்குள் இன்றைய மாத்திரை உள்ளே போய்விடுகிறது. பகல் மயக்கம், கவனக்குறைவு, புதிதாகக் கேட்டது நினைவில் நிற்காதது எல்லாம் இந்த வகை மருந்துகளின் நன்கு தெரிந்த விளைவுகள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடல் அதற்குப் பழகியும்விடும். வீட்டில் எல்லோரும் "மனநோய் மாத்திரை" என்று பகல் மாத்திரைக்குப் பயப்படுகிறார்கள். "தூக்க மாத்திரைதானே" என்று இரவு மாத்திரையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பயம் இடம் மாறியிருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே அதை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு கெடும், பதற்றமும் கை நடுக்கமும் வரும், அரிதாக வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். எஸ்சிடலோப்ராமையும் சட்டென்று விடக் கூடாது. தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். அதைவிட முக்கியம், பாதி குணத்தில் நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அறிகுறிகள் முழுவதும் போன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது அதே அளவில் தொடர்வதுதான் முறை. உங்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

ஸ்கூட்டியில் தினமும் கம்பெனிக்குப் போகிறீர்கள். கண் சொக்கும் காலைகளில் தயவுசெய்து பஸ்ஸில் போங்கள். குளோனசிபாம் எடுப்பவர்களுக்கு இதை மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும் என்பேன்.

நீங்கள் கடந்துபோன இன்னொரு வரி

"மாதவிடாய் ஏழு எட்டு நாள் போகும், அது எப்பவும் உள்ளதுதான்." இதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். காலையில் சாப்பிடுவதில்லை, அலுவலகத்தில் நான்கைந்து டீ, மதியம் டப்பாவில் தயிர்சாதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் களைப்பின் ஒரு பங்கு இரத்தத்தில் இருக்கக்கூடும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதன் அறிகுறிகளும் மனச்சோர்வின் அறிகுறிகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும். மூச்சு வாங்குவது, படியேறினால் நெஞ்சு படபடப்பது, எதிலும் மனம் ஒட்டாதது என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எது எதனால் என்று பார்த்துச் சொல்ல முடியாது; பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஆகவே சில இரத்தப் பரிசோதனைகள் அவசியம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அது சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பாருங்கள். சேமிப்பு வற்றியிருந்தாலே அசதி வரும். தைராய்டுக்கு டிஎஸ்எச், பிறகு வைட்டமின் பி12, சர்க்கரை. நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வருடமாக ஒரு மாத்திரை போடுவதாக எழுதியிருப்பதால் பி12 கட்டாயம். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளை நீண்ட நாள் எடுத்தால் அந்தச் சத்து உடலில் சேர்வது குறையும். ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். நாத்தனார் வாங்கித் தந்த டானிக்கை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை தந்தால், டீயோடும் பாலோடும் போடாதீர்கள்; சத்து உடலில் சேராது. எலுமிச்சம்பழச் சாறோடு போட்டால் நல்லது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். பெண்கள் நல மருத்துவரையும் ஒரு தடவை பாருங்கள், எஸ்சிடலோப்ராம் எடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகள் இரத்தம் உறைவதைச் சற்றே பாதிப்பதால் சிலருக்கு இரத்தப்போக்கு கூடும். மாதவிடாய் வலிக்கு நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரையும் அதோடு சேர்ந்து வயிற்றில் இரத்தக்கசிவை ஏற்படுத்தலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுத்தால் ஏன் அசதி போகவில்லை

வாரநாளில் இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிறீர்கள். அது ஐந்தரை மணி நேரம். எந்த மருந்தும் இதை ஈடுகட்டாது. ஞாயிறு பகல் முழுக்கப் படுத்தால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் காலை இன்னும் மோசமாக விடியும். எழும் நேரத்தை ஏழு நாளும் ஒன்றாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தைப் பத்தரைக்குக் கொண்டுவாருங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் நடக்கும் பாத்திரம் கழுவல், மறுநாளுக்குக் காய் நறுக்கல் இரண்டையும் கணவரும் 14 வயது மகளும் எடுத்துக்கொள்ளட்டும். நோயாளிக்குத் தரும் சலுகையாக அவர்கள் இதை நினைக்க வேண்டியதில்லை. மருந்துச் சீட்டில் எழுதித் தரவேண்டிய அளவுக்கு இது சிகிச்சை. மாலை நான்கு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

இன்னொன்று. தெம்பு வந்த பிறகு ஏதாவது செய்யலாம் என்று காத்திருக்கிறீர்கள். மனச்சோர்வில் இந்த வரிசை தலைகீழ். சிறிதாக ஒன்றைச் செய்த பிறகுதான் தெம்பு கொஞ்சம் வரும். காலையில் பத்து நிமிடம் வெயிலில் தெரு முனைவரை நடந்துவிட்டு வாருங்கள். மனம் வந்தாலும் வராவிட்டாலும் அதே பத்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். நன்றாக இருக்கிற ஒரு நாளில் வீடு முழுக்க ஒட்டடை அடித்து, திரைச்சீலையெல்லாம் துவைத்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வறட்சிக் காலத்துக் கிணறு மாதிரிதான் இப்போது உங்கள் தெம்பு. ஊறிய தண்ணீரை ஒரே மூச்சில் இறைத்துவிட்டால் மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல நாளில் நிறுத்திக்கொள்வதுதான் மோசமான நாளில் எழுவதைவிடக் கடினம். அதைப் பழக வேண்டும்.

இரவில் சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கணவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும், குளோனசிபாமைக் குறைப்பதும் அவசரமாகும்.

வேலை மேஜையில்

உங்கள் மூளை ஓரளவு தெளிவாக இருப்பது காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை என்று நீங்களே கவனித்திருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தை உள்ளீட்டு வரிக் கணக்கு மாதிரியான சிக்கலான வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். போன் டிராயருக்குள் போகட்டும். இருபது நிமிடம் செய்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பில்லைக் கணினித் திரையில் படிக்காமல் தாளில் எடுத்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துப் படியுங்கள். விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்குரிய 33 இல்லையென்றால் வெளிமாநிலம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இரண்டு இலக்கத்தையும் பேனாவால் வட்டமிட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவது என்று ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். கவனம் தளர்ந்த நாளில் பழக்கம் கைகொடுக்கும். ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதிக்கு முந்தின இரவு வரை இழுக்காமல், 17-ஆம் தேதியே முடித்து இன்னொருவர் கண்ணில் காட்டிவிட்டால் பாதி பதற்றம் போய்விடும்.

முதலாளியிடம் நோயைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவரின் கடமை. மருத்துவமனையிலிருந்து கம்பெனிக்குத் தகவல் போகாது. ஆனால் பத்து வருடம் உங்களை நம்பிய மனிதர், தவறு நடந்தபோதும் சத்தம் போடாதவர் என்பதால், "உடம்புக்கு வைத்தியம் நடக்கிறது, மூன்று மாதத்துக்கு ரிட்டர்ன் போகும் முன் இன்னொருவர் சரிபார்க்கட்டும்" என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். நோயின் பெயரைச் சொல்லாமலே இந்த உதவி கிடைக்கும்.

சம்பளத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு (இஎஸ்ஐ) பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஓய்வு தேவைப்படும் நிலை வந்தாலும் வேலையை விட வேண்டியதில்லை. சந்தா நாட்கள் சரியாக இருந்து, இஎஸ்ஐ மருத்துவர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் நிலைக்கு நீண்ட விடுப்பு இப்போது நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தால் படுக்கைதான் இழுக்கும்.

ராஜினாமாவை எழுதி வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள். மனச்சோர்வு இருக்கும்போது எல்லா முடிவும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற கண்ணாடி வழியாகத்தான் தெரியும். இரவு மாத்திரை குறைந்து, இரத்தம் சரியாகி, காலை மருந்தின் அளவு சரிசெய்யப்பட்டு மூன்று மாதம் ஆகட்டும். அப்போதும் இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு, தாராளமாக எடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதி எடுத்துப் போங்கள். பகலில் எத்தனை மணிக்கு அசதி அதிகம், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், குளோனசிபாமை எத்தனை மாதமாக எடுக்கிறீர்கள், அந்த மூன்றாம் பக்கத்து வரி. வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் தாளையே நீட்டிவிடுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். மாத்திரை மூளையை மந்தமாக்குமா என்ற கேள்வியை அவரே மருத்துவரிடம் நேரில் கேட்கட்டும். குறட்டையைப் பற்றியும் அவர்தான் சொல்ல முடியும்.